இருபத்திநாலு கிளிக்

கொயிலோவர் என்று இவர் சொன்னபோது
எந்தக் கோயில் என்று கேட்டேன்.
சிரிக்கவில்லை.
பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த பெட்டியை
குசினி மேசையில்
என் ஐசிங் முனைகளைத் தள்ளிவிட்டு வைத்தார்.
நாலு சொக். மஞ்சள் ஸ்பிரிங்.
யப்பானில் ஆரோ கழற்றினது.
ஒரு காலில் எண்ணெய் கசிந்த தடம்.
சாரத்தால் துடைத்துவிட்டு,
"புதுசு மாதிரித்தான்."

விலை கேட்டேன்.
ஏழு பிறந்தநாள், ரெண்டு முதல்நன்மை.
நான் கேக்கில்தான் கணக்குப் பார்ப்பது.

கோண்டாவில் கராச்சில் பிரதாபன்
சிவிக்கை ஜக்கில் ஏற்றி
பழசுகளைக் கழற்றி மண்ணில் போட்டான்.
ஒன்றை எடுத்து அமத்திப் பார்த்தேன்.
உள்ளே போன தண்டு திரும்பி வரவில்லை.
"ஸ்பிரிங் துள்ளும் அக்கா, சொக்தான் அடக்கும்."
விளங்கினது.
ஜெலித் தட்டை மேசையில் தட்டினால்
எத்தனை தரம் ஆடி நிற்குது என்பதுதானே
நான் போட்ட ஜெலற்றின்.

ரெண்டு அங்குலம் இறங்கினது கார்.
பொய் சொல்லமாட்டேன், வடிவுதான்.
கல்லுண்டாய் வளைவில் அன்றிரவு
என் தோடுகூட ஆடவில்லை.
ஆனால் தண்ணிக் குழாய்க்குத் தோண்டி மூடின
ஒவ்வொரு கோடும்
முள்ளந்தண்டில் ஏறிக் கையெழுத்து வைத்தது.
பள்ளிக்கூடத்தடி பம்ப்பில் வயிறு உரச
கிளெமென்ற் பல்லைக் கடித்தார்,
பல்லு அவருடையதுதான், வலி காருக்கு.

ஊர்காவற்றுறைக் கலியாணம்.
மொன்றியலில் இருந்து போன்:
றிஜிபோம் வேண்டாம், மூன்று தட்டும் கேக்காய் இருக்கவேணும்.
விடிய ஆறு மணிக்கு
வான்காரன் செத்தவீடு என்றான்.
போர்ட்டிக்கோவில் நின்றது சிவிக்,
நிலத்தை முத்தமிடுகிற மாதிரி.

"பொனற்றைத் திறவுங்கோ."
சொக்கின் தலையில் ஒரு சின்னத் திருகாணி.
இடப்பக்கம் சுத்தினால் இளகும்.
ஒரு மாசமாய்ச் சோத்துக்குப் பதிலாய்
இதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்.
கிளிக், கிளிக். இருபத்திநாலில் இருந்து சைபருக்கு.
தன் பல்லைப் பிடுங்குகிற மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார்.
முன் வலது, பின் ரெண்டும் சரி.
முன் இடது
சுத்தச் சுத்தச் சத்தமே இல்லை,
போத்தல் மூடி மாதிரிச் சும்மா வந்தது.
நான் இவரைப் பார்த்தேன்.
இவர் மாமரத்தைப் பார்த்தார்.

பின் சீற்றில், வலப்பக்கம்,
முழங்கால்களுக்கு நடுவில் கேக்.
பண்ணைப் பாலத்தில் சோளகம் கதவைத் தள்ளுது.
இருபதில் போனோம்.
ஐஸ்பெட்டி லொறி முந்தினது. ஓட்டோ முந்தினது.
வலையைக் கரியலில் கட்டின ஒருவர்
சைக்கிளில் முந்திப்போய்
திரும்பி வேறு பார்த்தார்.
ஸ்பொய்லர் வைத்த காரை இப்படி ஓட்டினால்
ஆரெண்டாலும் பார்ப்பினம்.

அப்போதுதான் கவனித்தேன்.
கண்ணுக்குத் தெரிய முன்னமே
இவர் சொல்லிக்கொண்டு வருகிறார்:
"இப்ப ஒண்டு, இடது. பிடி.
மதகு வருது. மூச்சு விடாத.
அல்லைப்பிட்டி தாண்டினா ரெண்டு, பிறகு நல்ல றோட்டு."
ஒரு மாசம் முதுகில் வாங்கின கிடங்கெல்லாம்
செபம் மாதிரிப் பாடம்.
நடுத்தட்டு ஒருக்கால் சரியப் பார்த்து
மனம் மாறி நின்றது.
வேலணைச் சந்தியில் என் கால் விறைத்துவிட்டது,
அதைச் சொல்லவில்லை.

மண்டபத்தில் இறக்கிப் பார்த்தால்
இடப்பக்கம் மயிர் போல ஒரு வெடிப்பு.
எந்தக் கால் செய்த வேலை என்று தெரியும்.
அதுக்கு மேலே ஒரு சீனி ரோசா வைத்தேன்.
மணமகளின் தாய், ரோசா எக்கச்சக்க வடிவு என்றா.

திரும்புகிற வழியில்
தாழை ஒன்றின் கீழே நிறுத்தி
பொனற்றைத் தூக்கினார்.
"எத்தனை வைக்க?"
விரலில் ஒட்டின ஐசிங்கை நக்கிக்கொண்டு
எட்டு என்றேன்.
காற்றிலும் கேட்டது.
எண்ணினேன்.
பத்து.
ஒன்றும் கதைக்கவில்லை.
காசு என் கைப்பைக்குள் இருந்தது,
அந்த இடது காலின் விலையும்
அதுக்குள்தான்.